கேம் நடுவே உறையும் கணினி: ரேம் உட்கார்ந்த இடம்தான் கோளாறு

பிரவுசர், வீடியோ எல்லாம் ஒழுங்காக ஓடும். கேம் திறந்து இருபது நிமிடத்தில் திரை அப்படியே நின்று, ஸ்பீக்கர் 'ட்ர்ர்ர்' என்று ஒரே ஒலியை இழுக்கும். கிராபிக்ஸ் டிரைவர், விண்டோஸ் இரண்டையும் துடைத்துப் போட்டு நான்கு நாள் வீண். வெப்பமும் 72 டிகிரியைத் தாண்டவில்லை. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவு மட்டும். அது பட்டனை அழுத்தி அணைத்ததன் பதிவு, காரணமல்ல. அதை நம்பி பவர் சப்ளை வாங்கிவிடாதீர்கள்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டினேன். ரேமின் இயல்பு வேகமான 2133-இல் பிழையில்லை, எக்ஸ்எம்பி (ரேமை அதன் உயர் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டு 3600-இல் ஓட்டியதும் பிழை காட்டும் சிவப்பு வரிகள். மூடியைக் கழற்றினால், இரண்டு ரேமும் பிராசசரை ஒட்டி அடுத்தடுத்த ஸ்லாட்டில், ஒரே சேனலில், அதாவது பிராசசருக்குப் போகும் ஒரே தடத்தில்! பிராசசர் பக்கமிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டுக்கு (போர்டில் ஏ2, பி2) மாற்றி, ஆளுக்கொரு சேனல் கொடுத்தேன். அதே 3600-இல் நான்கு சுற்றும் சுத்தம். அப்பாடா!