நோட்டுப் புத்தகத்தோடு டிவிக்கு வருகிறவர்களுக்கு

போன வாரம் கோலாலம்பூருக்குப் பக்கத்தில், பத்துமலை முருகன் கோயில் அடிவாரத்தில் ஒரு பையனைப் பார்த்தேன். நான்கு வருடம் தமிழ்ப் பத்திரிகையில் எழுதிவிட்டு டிவி செய்திக்கு வந்தவன். கேமராமேன் இன்னும் ஸ்டாண்டைப் பிரிக்கவில்லை, அதற்குள் பூக்கடை அக்காவிடம் பேட்டியை முடித்துவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019-இல் நின்றுபோனது. அச்சிலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் இனியும் வருவார்கள். லகர ளகர உச்சரிப்பு, லென்ஸைப் பார்ப்பது போன்றவற்றை முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். அவற்றை விடுகிறேன். பத்திரிகைப் பழக்கத்தால் வரும் மற்ற தவறுகள் இவை.

கேமரா ஓடும் முன் கேள்வி கேட்பது

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி. மூன்று வாரமாக லிஃப்ட் ஓடவில்லை. பதினோராவது மாடியில் ஒரு பாட்டி. கேமராமேன் மூச்சிரைக்க ஏறி வருவதற்குள் நான் பேச்சுக் கொடுத்துவிட்டேன். "எங்க வீட்டுக்காரர நாற்காலியில வச்சு நாலு பேரு தூக்கிட்டு எறங்குறாங்க தம்பி, வாரத்துக்கு மூணு தடவ, டயாலிசிசுக்கு" என்றார். அப்படியே குறித்துக்கொண்டேன். பத்திரிகையில் மேற்கோள் குறி போட்டால் போதும், அதுதான் தலைப்பு.

கேமரா வந்தது. மறுபடி கேட்டேன். "அதான் சொன்னேன்லா" என்றார். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "மின்தூக்கி பழுதடைந்துள்ளது, சம்பந்தப்பட்டவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று ஒப்பித்தார். நாற்காலி காணாமல் போய்விட்டது. அந்த வரியை நானே குரல் கொடுத்துச் சேர்த்தேன். எடிட்டர் கேட்டார்: "தூக்கிட்டு எறங்குனது நீயா?"

மைக் குத்தி, சிவப்பு விளக்கு எரியும்வரை சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள், மழையைப் பற்றிப் பேசுங்கள். அவரே ஆரம்பித்தால், "இருங்கம்மா, ஒரு நிமிஷம்" என்று நிறுத்துங்கள். மரியாதைக் குறைவு இல்லை. பதில் வரும்போது "ம்... ம்..." கொட்டாதீர்கள், அதுவும் பதிவாகும். தலையை ஆட்டினால் போதும். "லிஃப்ட் கெட்டுப்போச்சா?" என்று கேட்டால் "ஆமா" மட்டும்தான் கிடைக்கும். அந்த "ஆமா"வை வைத்து எதையும் வெட்டி ஒட்ட முடியாது.

படத்தில் தெரிவதையே சொல்வது

பத்துமலையின் 272 படிகளில் பால்குடங்கள் ஏறுவது திரையில் தெரிகிறது. நீங்களும் அதையே சொன்னால் எதற்குக் குரல்? தெரியாததைச் சொல்லுங்கள்: அந்தக் குடும்பம் எத்தனை மணிக்குக் கிளம்பியது, ஏன் இந்த வருடம் நேர்த்திக்கடன்.

ஒரே வாக்கியத்தில் முழுச் செய்தி

தமிழில் வினை கடைசியில் வரும். "டத்தோஸ்ரீ" என்று பட்டத்தோடு தொடங்கி, இடையில் மூன்று "என்றும்" போட்டு, "கேட்டுக்கொண்டார்" என்று முடித்தால், கேட்டுக்கொண்டது யார் என்பதே மறந்துவிடும். வாசகர் கண்ணைத் திருப்பி மேலே போவார். காதுக்கு அந்த வசதி இல்லை. தொகையும் அப்படித்தான். 19,87,450 வெள்ளி (ரிங்கிட்) என்பது அச்சுக்கு. வாசிக்கும்போது "கிட்டத்தட்ட 20 லட்சம்".

மெல்லிய கோடு போட்ட சட்டை

திரையில் நெளியும். வேண்டாம்.

அரசியல்வாதிகளுக்கு

முன்னாள் அமைச்சர் சாமிவேலு, அரசியலில் உச்சிக்குப் போகும் முன் அரசு ஒலிபரப்பான ஆர்டிஎம்மில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். எதிர்த்திசையில் வருகிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள். மைக் நெஞ்சிலேயே இருக்கிறது, ஆனால் குரல் மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போகிறது. தொகுப்பாளராக உட்கார்ந்த ஒரு முன்னாள் ஒய்பி (மக்கள் பிரதிநிதி), அவையோரை வணங்கி முடிக்கவே அரை நிமிடம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு நல்ல வரி சொல்லிவிட்டு நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று எங்களுக்கு முதலில் புரியவில்லை. கைதட்டலுக்குக் காத்திருந்திருக்கிறார். ஸ்டூடியோவில் அப்போது இருந்தது இரண்டு கேமராமேன்கள்.