சுடுகாட்டு மல்லியும் வின்கிரிஸ்டினும்: எங்கே தப்பு செய்கிறோம்

வடசென்னையில் நித்தியகல்யாணியை யாரும் மெனக்கெட்டு வளர்ப்பதில்லை, அது தானாக வளரும். காசிமேட்டுப் பக்கம் உப்புக்காற்றில் காரை பெயர்ந்த மதில் இடுக்கிலும் கொருக்குப்பேட்டை தண்டவாள ஓரத்திலும் ரோஸ் கலரில் பூத்துக் கிடக்கும். சுடுகாட்டு மல்லி என்பார் எங்கள் ஆயா, வாசல்படி தாண்டவிடமாட்டார். இப்போது அதே பூவைக் காலை நடைக்குப் போகிறவர்கள் எண்ணி எண்ணிப் பறிக்கிறார்கள். சுகருக்கு இத்தனை பூ, கேன்சருக்கு இத்தனை இலை என்று வாட்ஸ்அப்பில் கணக்கு வந்திருக்கிறதாம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் மருந்துக்கடையில் நிற்கிறவன். இந்தக் கணக்கை வாரம் ஒருமுறையாவது கல்லாவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிறேன்.

அதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கலே. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் இந்தச் செடியிலிருந்து வந்தவைதான். இரண்டையும் சேர்த்து வின்கா ஆல்கலாய்டு என்பார்கள், ஆல்கலாய்டு என்றால் செடியில் இருக்கும் வீரியமான ஒரு வகை ரசாயனம். ஆனால் கண்டுபிடித்த கதையைக் கேட்டால் சுகருக்காக இதைக் குடிக்கத் தோன்றாது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் எலிகளிடம் சோதித்தார்கள். வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றியபோது எலிகள் கிருமித்தொற்றில் செத்துப்போயின, ஏனென்றால் ரத்தத்தில் வெள்ளையணு சரிந்துவிட்டது. அந்தச் சரிவைப் பார்த்துத்தான் ரத்தப் புற்றுநோய்க்கு உதவுமோ என்று யோசித்து 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள்.

அப்படியென்றால் கேன்சருக்காவது இலையைக் குடிக்கலாமா என்று ஒரு அண்ணன் கேட்டார். குடிக்கக் கூடாது. ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும், பத்து இலைக் கஷாயத்தில் புற்றை அடக்கும் அளவுக்கு அது இருக்காது. அதே சமயம் அந்தச் செடியில் வேறு பல ஆல்கலாய்டுகளும் உண்டு, எது எவ்வளவு இறங்குகிறது என்று குடிக்கிறவருக்கும் தெரியாது, வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. கீமோ எடுக்கிறவர் கூடவே ரகசியமாக இதையும் குடிப்பது எல்லாவற்றையும்விட மோசம்.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. வின்கமைன் என்று ஒரு பெயர் இணையத்தில் தட்டுப்படும். அது ஐரோப்பாவில் வளரும் வேறொரு செடியின் ஆல்கலாய்டு, மூளைக்கு ரத்த ஓட்டம் என்று பேசப்படுவது, நம் மதில் செடிக்கும் அதற்கும் தூரத்து உறவுதான். அதைவிட ஆபத்து வின்கிரிஸ்டினையும் வின்பிளாஸ்டினையும் மாற்றிக்கொள்வது. முன்னதை ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பெரும்பாலும் போடமாட்டார்கள், பின்னதன் அளவு அதைப்போலப் பல மடங்கு. சீட்டில் எழுத்து புரியாவிட்டால் நானே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்பேன், நீங்களும் பெட்டியில் இருக்கும் பெயரைச் சீட்டோடு எழுத்துக் கூட்டிப் பாருங்கள்.

வின்கிரிஸ்டின் நரம்பு வழியாக மட்டுமே, அதாவது ரத்தக்குழாயில் மட்டுமே ஏற வேண்டும். முதுகுத்தண்டில் போய்விட்டால் கிட்டத்தட்டப் பிழைக்க வழியில்லை. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு வேறொரு மருந்தை முதுகில் போடுவதும் உண்டு என்பதால்தான் இந்தக் குழப்பமே நேர்கிறது. சிரிஞ்சில் வைக்காமல் சின்ன சலைன் பையில் கலந்து ஏற்றுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் எச்சரித்தது இதற்காகத்தான். வெளியில் வாங்கிக் கொடுக்கச் சொன்னால், இரண்டு மருந்தையும் ஒரே கவரில் போட்டு நீட்டாதீர்கள்.

ஏறும்போது கையில் எரிந்தால் 'ஊசின்னா வலிக்கத்தானே செய்யும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும், மருந்து வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். ஐஸ் வைக்கவும் கூடாது, இந்த வகை மருந்துக்கு வெதுவெதுப்பான ஒத்தடம்தான். வீட்டுக்கு வந்தபிறகு விரல் நுனி மரத்துப்போவது, தாடை வலி, நாலு நாள் மலச்சிக்கல் எல்லாம் மருந்தின் வேலை, வாயு என்று ஓமத் தண்ணீரோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பூஞ்சைத் தொற்றுக்கான சில மாத்திரைகள் இதை இன்னும் கடுமையாக்கும், அதனால் வேறு டாக்டரிடம் போனாலும் கீமோ சீட்டைக் காட்டுங்கள்.

போன மே மாதம் ஒருவர் வின்கிரிஸ்டின் குப்பியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஏறக் கிளம்பினார். கூப்பிட்டு நிறுத்தினேன். 2 முதல் 8 டிகிரிக்குள், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டிய மருந்து அது. டிபன் கேரியர் பையில் ஐஸ் பேக், அதன்மேல் துணி, அதன்மேல் பெட்டி என்று வைத்துக் கொடுத்தேன்.

"வீட்டுக்குப் போய் ஃப்ரீசர்ல வச்சிடவா தம்பி?"

"ஃப்ரீசர் வேணாம்ணே, கீழ் தட்டுல வைங்க."