கஹோன் கணவாய்: வரைபடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் உயர்தரப் புவியியல் பிள்ளைகளிடம் கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இடவிளக்கப்படத்தைக் கொடுத்தேன். மொஹாவி பாலைவனத்தில் இருந்து சான் பெர்னாடினோவுக்கு இறங்கும் வழி அது. அமெரிக்க நில அளவையின் பழைய தாள்கள் இணையத்தில் இலவசம். யாழ்ப்பாணத் தாளில் சமவுயரக்கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால் மலைக்கு வெளியூர்தான் கதி. பத்து நிமிடத்தில் மூன்று பேர், நான் இருபது வருடத்துக்கு முன் விட்ட அதே பிழையை விட்டார்கள். வடக்கு பார், குறியீடு பார் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

அடியை மீற்றர் என்று வாசிப்பது

எங்கள் 1:50,000 தாளில் ஒரு சமவுயரக்கோட்டுக்கும் அடுத்ததுக்கும் உயர வித்தியாசம் 20 மீற்றர். அந்தப் பழக்கத்தில் 1:24,000 அமெரிக்கத் தாளில் கோட்டு இடைவெளி என்று போட்டிருக்கும் 40ஐயும் மீற்றர் என்று எடுத்துவிடுகிறோம். அது அடி, 12 மீற்றர் சொச்சம்.

இந்தக் கணவாயை ஒரு கண்காட்சிக்கு, கோட்டுக்கு ஓர் அடுக்காக மட்டை வெட்டி ஒட்டி, மாதிரியாகச் செய்தேன். ஓர் அடுக்கு 1.7 மில்லிமீற்றர் என்று கணக்குப் போட்டு, அந்தத் தடிப்பு மட்டைக்குக் கடை கடையாக அலைந்து, பதினைந்து இரவு வெட்டி ஒட்டினேன். உண்மையில் அரை மில்லிமீற்றர்தான். இரண்டு பிரிஸ்டல் போட் ஒட்டினாலே காணும்! கணவாய் கிணறு மாதிரி வந்தது. இதில் எப்படி ரயில் ஏறியது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறியியல் சாதனை என்று விளக்கம் வேறு. இரண்டாம் நாள், ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர் ஒருவர் குனிந்து பார்த்து, வளைந்து போகும் தடத்தைத் தொட்டார். "தம்பி, இதில நூறு அடிக்கு எத்தனை அடி ஏத்தம்?" கணக்குப் பார்த்தேன்: 7க்கு மேல். "கோச்சி பின்னுக்கு வந்திடுமே" என்றுவிட்டுப் போய்விட்டார்.

1885இல் போட்ட முதல் பாதையின் ஏற்றம் நூற்றுக்கு 3. பாரமான வண்டிக்கு அதுவே பெரும்பாடு. அதனால்தான் 1913இல் இரண்டாவது தடத்தைச் சுற்றி வளைத்து 2.2க்குக் குறைத்தார்கள். தாளில் இரண்டு தடமும் விலகிப் போவது இதனால்தான். அடியை மீற்றர் ஆக்கினால் இரண்டுமே ரயில் ஏறாத சரிவாகிவிடும். ஏன் வளைத்தார்கள் என்ற கேள்வியே எழாது.

நீலக்கோடெல்லாம் ஆறு இல்லை

விட்டுவிட்டு வரைந்த நீலம் மழைக்கு மட்டும் ஓடும். யாழ்ப்பாணத்து வழுக்கையாறு மாதிரி.

ஒரே தாளில் வரலாறு தேடுவது

1913க்கு முந்திய தாளில் ஒரு தடம்தான். 1967க்குப் பிந்தியதில் சதர்ன் பசிபிக் ரயில் கம்பனியின் பாதையும் சேர்ந்திருக்கும். இரண்டு தாளாவது பக்கத்தில் வையுங்கள். அப்புறம், ஊதா நிறத்தில் இருப்பவை வான்படம் பார்த்துப் பிறகு சேர்த்தவை, களத்தில் சரிபார்க்காதவை.

நேரான பள்ளத்தாக்கைக் கவனிக்காமல் விடுவது

தண்ணீர் தானாக அவ்வளவு நேராக வெட்டாது. இந்தத் தாளில் நேராகக் கிடக்கும் லோன் பைன் கன்யன் பள்ளத்தாக்கு, சான் அன்ட்ரியாஸ் என்ற புவியோட்டுப் பிளவின் மேல் இருக்கிறது.