பொங்கல் விடுமுறைக்குத் தாய்லாந்துக் கடற்கரை: முதல்முறை போகிறவர்கள் திட்டமிடுவது எப்படி?

"டிசம்பரில் தாய்லாந்தில் மழையே இருக்காது" என்று யாராவது சொன்னால், "எந்தப் பக்கத்துக் கடலில்?" என்று திருப்பிக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. நவம்பர் கடைசியில் கோ சமூய் தீவில் ஐந்து நாளுக்கு அறை போட்டு, அதில் நான்கு நாள் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையிலேயே இருந்திருந்தால் செலவாவது மிஞ்சியிருக்கும்.

படி 1: ஊருக்கு முன்னால் கடலை முடிவு செய்யுங்கள்

தாய்லாந்தின் தென்பகுதி யானையின் தும்பிக்கை போல நீண்டு தொங்கும். மேற்கே அந்தமான் கடல். புக்கெட், கிராபி, காவோ லாக், கோ லந்தா எல்லாம் அந்தப் பக்கம். கிழக்கே தாய்லாந்து வளைகுடா. கோ சமூய், கோ பங்கான், கோ தாவ் அங்கே இருக்கின்றன. ('கோ' என்றால் தீவு.)

சென்னைக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் வளைகுடாவின் ஈரத்தை அள்ளி வந்து அந்தக் கிழக்குக் கரையிலும் கொட்டுகிறது. நடுவில் மலைகள் இருப்பதால் மேற்குக் கரை மழை மறைவில் தப்பித்துவிடும். ஜூனில் கேரளா நனையும்போது தமிழ்நாடு காய்கிறது அல்லவா, அதே கணக்குதான், திசை மட்டும் மாறியிருக்கிறது.

ஆகவே டிசம்பர், ஜனவரி என்றால் மேற்குக் கரை. யோசிக்கவே வேண்டாம். பகலில் 32 டிகிரியை ஒட்டி வெயில் இருக்கும், கடல் அலையில்லாமல் கிடக்கும். கிழக்குத் தீவுகளுக்குத்தான் போக வேண்டும் என்றால் பிப்ரவரி, மார்ச் வரை பொறுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தப் பக்கம் வேண்டாம்.

படி 2: தேதி

டிசம்பர் 20 முதல் ஜனவரி 5 வரை அறை வாடகை எகிறும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் கட்டாய விருந்து என்று தனியாகப் பணம் வாங்கும் விடுதிகளும் உண்டு. பதிவு செய்யும்போது சின்ன எழுத்துகளையும் படியுங்கள். பொங்கலை ஒட்டிய வாரம்தான் என் தேர்வு. வானிலை அதேதான், கூட்டம் கொஞ்சம் குறைவு. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ சீனப் புத்தாண்டு வரும், அந்த வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: எங்கே தங்குவது?

ஒரு வாரத்துக்கு இரண்டு ஊர் போதும். தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்த்தால் கடலில் கால் நனைக்க நேரமிருக்காது. புக்கெட்டில் மூன்று நாள், கிராபியில் நான்கு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே சாலையில் மூன்று மணி நேரம் ஆகும். பீ பீ தீவு வழியாகப் படகிலும் போகலாம். கிராபியில் ஆவ் நாங் கடற்கரையில் தங்கினால், சுண்ணாம்புப் பாறைகள் சூழ்ந்த ரைலேவுக்கு நீள்வால் படகில் (பின்னால் நீண்ட மோட்டார் தண்டு வைத்த மரப்படகு) கால் மணி நேரம்தான். ரைலேவுக்குச் சாலையே கிடையாது.

அமைதி வேண்டுமென்றால் காவோ லாக். அதற்கு வடக்கே இருக்கும் தகுவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவையும் அது சொல்கிறது. நாம் லீவு கணக்குப் போட்டுப் போகிற ஊருக்கு அவர்கள் காற்றுக் கணக்குப் போட்டுப் போயிருக்கிறார்கள்.

படி 4: டிக்கெட்டும் காகிதங்களும்

புக்கெட்டுக்கே நேராக டிக்கெட் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாங்காக் வழியாக என்றால் அங்கே இரண்டு விமான நிலையங்கள் உண்டு: சுவர்ணபூமி, டான் முவாங். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுவது போல டிக்கெட் போட்டுவிட்டால் நகர நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள்.

விசா விதி அடிக்கடி மாறும். தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள். 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பலாம். அது இலவசம், பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

படி 5: கடல் நாள்கள்

படகுப் பயணத்தைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். காற்று அடித்து ரத்தானால் மறுநாள் போக இடம் இருக்க வேண்டும். காவோ லாக் பக்கத்துக் கடலில் இருக்கும் சிமிலன் தீவுகள் அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரைதான் திறந்திருக்கும், அதனால் இந்தச் சீசனில் விடாதீர்கள். பீ பீயின் மாயா விரிகுடாவைப் பவளப்பாறைகள் மீளட்டும் என்று 2018இல் மூடி, 2022இல்தான் திறந்தார்கள். அங்கே இன்னும் நீந்த விடுவதில்லை. பவளத்துக்குக் கேடு செய்யும் ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீனுக்குத் தேசியப் பூங்காக்களில் தடை இருக்கிறது. வாங்கும்போதே டியூபின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

கரையில் சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கப் போகிறீர்களா? டூ வீலருக்கும் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் விழுந்தால், பயணக் காப்பீடு கைவிரித்துவிடும்.

படி 6: பணம், பை, சாப்பாடு

வெளிநாட்டு அட்டைக்கு அங்குள்ள ஏடிஎம்கள் ஒவ்வொரு முறையும் 200 'பாட்' (தாய்லாந்துப் பணம்) அளவுக்கு மேல் கட்டணம் பிடிக்கும். ஐந்து முறை எடுப்பதை ஒரே முறையில் எடுத்துவிடுங்கள். இ-சிகரெட் அங்கே சட்டவிரோதம், பையில் கூட இருக்க வேண்டாம்.

சைவக்காரர்களுக்கு ஒரு விஷயம். காய்கறி மட்டும் போடச் சொன்னாலும் 'நாம் ப்ளா' என்ற மீன் சாறு உள்ளே போய்விடும். "கின் ஜே" என்று சொல்லுங்கள். முட்டை, மீன் சாறு எதுவும் சேராத சாப்பாடு அது. வெங்காயம், பூண்டு கூட இருக்காது. அந்தக் கடைகளை அடையாளம் காண்பதும் சுலபம்: மஞ்சள் கொடியில் சிவப்பாக 17 என்று எழுதியது போலத் தெரியும். அது எண் அல்ல, தாய்லாந்து எழுத்தில் 'ஜே'.