மண்டபத்து லேப்டாப்பில் மூன்று டேட்டாபேஸ்

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் படகுகள் கரையில் கிடக்க, மாமா தன் மீன் கம்பெனியின் நோட்டுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார். கணக்குக்கு போஸ்ட்கிரெஸ், முன்பே ஒரு தம்பி பாதி ஏற்றி வைத்திருந்த மைஎஸ்க்யூஎல், அன்றைய விலையைச் சட்டென்று எடுக்க ரெடிஸ். மூன்றையும் நேரடியாக நிறுவினால் பிறகு கழற்றுவது பெரும்பாடு. டாக்கரில் போட்டுவிடலாம்: ஒவ்வொன்றும் 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் ஓடும், வேண்டாதபோது பெட்டியோடு தூக்கிவிடலாம்.

டாக்கரை நிறுவியதும், ஒரு காலி ஃபோல்டரில் 'கம்போஸ்.யாம்ல்' என்ற ஃபைலைத் திறங்கள். (இங்கே தமிழில் எழுதுகிறேன், தட்டுவதெல்லாம் ஆங்கில எழுத்தில்தான்.) உள்ளே டேப் கூடாது, ஸ்பேஸ் மட்டுமே.

'சர்வீசஸ்' என்பதன் கீழ் மூன்று பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இமேஜ் (கன்டெய்னரை வார்க்கும் அச்சு): போஸ்ட்கிரெஸ்:17, மைஎஸ்க்யூஎல்:8.4, ரெடிஸ்:7. 'லேட்டஸ்ட்' என்று போடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் 18-இல் டேட்டா இருக்கும் இடமே மாறிவிட்டது.

அடுத்து போர்ட். ஜெட்டியில் படகுக்கு ஓர் இடம் மாதிரிதான்: 5432, 3306, 6379. '5432:5432' என்பதில் இடப்பக்கம் நம் லேப்டாப், வலப்பக்கம் கன்டெய்னர். அந்த இடத்தில் ஏற்கெனவே வேறொன்று நின்றால் இடப்பக்கத்தை மட்டும் 5433 ஆக்குங்கள்.

'போஸ்ட்கிரெஸ்_பாஸ்வேர்டு', 'மைஎஸ்க்யூஎல்_ரூட்_பாஸ்வேர்டு' இரண்டையும் பெரிய எழுத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த இரண்டு டேட்டாபேஸும் கிளம்பாது. டேட்டா காலியாக இருக்கும் முதல் தடவை மட்டும்தான் இந்த பாஸ்வேர்டு எடுத்துக்கொள்ளப்படும். பிறகு ஃபைலில் மாற்றிப் பயனில்லை.

இனி வால்யூம். கன்டெய்னர் போனாலும் கணக்கு தங்குவது இதில்தான். போஸ்ட்கிரெஸுக்கு 'பிஜிடேட்டா:/வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/டேட்டா', மைஎஸ்க்யூஎல்லுக்கு 'மைடேட்டா:/வார்/லிப்/மைஎஸ்க்யூஎல்'. ஃபைலின் கடைசியில் 'வால்யூம்ஸ்' என்று போட்டு இந்த இரு பெயர்களையும் எழுதுங்கள். ரெடிஸில் இருப்பது அன்றைய விலைதானே, அதற்கு வேண்டாம்.

சரி, அதே ஃபோல்டரில் டெர்மினலைத் திறந்து 'டாக்கர் கம்போஸ் அப் -டி' தட்டுங்கள். முதல் தடவை சில நூறு எம்பி இறங்கும். 'டாக்கர் கம்போஸ் பிஎஸ்' தட்டினால் மூன்றும் ஓடுவது தெரியும். ஒரு டேபிளில் 'நண்டு, 12 கிலோ' என்று ஏற்றி, 'டவுன்' கொடுத்து, மறுபடி 'அப்' கொடுங்கள். நண்டு அங்கேயே இருக்கும்.

'டவுன்' பக்கத்தில் '-வி' மட்டும் சேர்த்துவிடாதீர்கள், வால்யூமும் போய்விடும். நான் சேர்த்தேன். நல்லவேளை, மாமா நோட்டுகளை எடைக்குப் போட்டிருக்கவில்லை.