இலைமேல் உயிர்ப்படலப் புரதங்கள்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலைப்பரப்பில் பாக்டீரியாக்கள் ஒட்டித் திரண்டு அமைக்கும் படலமான உயிர்ப்படலத்தை ஆராய வரும் புதியவர்கள், நான் ஒருகாலத்தில் செய்த பிழைகளையே ஏறக்குறைய அதே வரிசையில் செய்வதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். கையுறை அணிவது, மாதிரிகளுக்குப் பெயர் எழுதுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. புரதங்கள் தொடர்பாக, கண்ணில் படாமலேயே ஆய்வின் முடிவைப் புரட்டிவிடும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பட்டை தெரியவில்லை என்றால் புரதமே இல்லை என்று முடிவு செய்வது

சால்மோனெல்லாவும் எஷ்சரிக்கியா கோலையும் கர்லி என்ற புரத இழைகளைத் தம் செல்லுக்கு வெளியே பின்னுகின்றன. கரைந்த நிலையில் வெளியேறும் சிஎஸ்ஜிஏ என்ற புரதம், செல்லின் பரப்பில் காத்திருக்கும் சிஎஸ்ஜிபி புரதத்தைப் பற்றிக்கொண்டு, எளிதில் கரையாத அமைலாய்டு இழையாக இறுகுகிறது. பரப்புகளில் ஒட்டுவதற்கும் செல்களை ஒன்றோடொன்று பிணைப்பதற்கும் இந்த இழைகள் உதவுகின்றன. இறுகிய இழையை, புரதங்களைப் பிரிக்கும் சலவைப்பொருளான எஸ்டிஎஸ் கலந்த கரைசலில் கொதிக்க வைத்தாலும் அது பிரிவதில்லை; புரதங்களை அளவு வாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டும்போது, பிரியாத இழை உள்ளே இறங்காமல் மாதிரி இடும் குழியிலேயே தங்கிவிடுகிறது.

இதை அறியாமல், இலையில் வளர்த்துக் கழுவி எடுத்த சால்மோனெல்லா மாதிரியை மூன்று முறை ஜெல்லில் ஓட்டினேன். சிஎஸ்ஜிஏ வரவேண்டிய 15 கிலோடால்டனை (புரத எடையின் அலகு) ஒட்டிய பகுதி மூன்று முறையும் வெறுமையாகவே இருந்தது. இலைமேல் இந்தப் பாக்டீரியா கர்லியை உருவாக்குவதில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, வேறு ஒட்டுப்புரதங்களைத் தேடுவதில் ஏறத்தாழ நான்கு மாதங்களைச் செலவழித்தேன். சாயமேற்றுவதற்கு முன் ஜெல்லின் மேற்பகுதியை வெட்டிக் குப்பையில் போடுவது எங்கள் வழக்கம். ஒருநாள் வெட்டாமல் விட்ட ஜெல்லில், குழிகளின் அடியில் கருநீலக் கோடுகள் படிந்திருந்தன. அதே மாதிரியை ஃபார்மிக் அமிலத்தில் கரைத்து ஓட்டியபோது, இல்லை என்று நான் எழுதிவைத்த பட்டை அடர்த்தியாக வந்து நின்றது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. இழைகளைச் சுழற்றிப் படியவைத்து, 90 சதவீதத்துக்கும் மேல் செறிவுள்ள ஃபார்மிக் அமிலத்தில் சிறிது நேரம் வைத்து, வெற்றிடத்தில் முழுவதுமாக உலர்த்திய பிறகே சாயக்கரைசலைச் சேர்க்க வேண்டும். நீலச் சாயம் மஞ்சளாக மாறினால் அமிலம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள். அமிலம் சேர்த்த மாதிரியையும் சேர்க்காத மாதிரியையும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் ஓட்டுங்கள். சேர்க்காததில் தெரிவது இழையாகாத புரதம். சேர்த்ததில் கூடுதலாகத் தெரிவது இழையாக இருந்த புரதம். இவ்வளவு எளிய ஒப்பீட்டைச் செய்யாமல் "கர்லி இல்லை" என்று இன்றும் யாராவது சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனெனில் அந்த ஒரு வரியை நம்பி அடுத்தவர் தம் ஆய்வின் திசையையே மாற்றிக்கொள்கிறார்.

தெரிந்த பட்டையை உடனே நம்புவது

இது மேற்சொன்ன தவறின் மறுபக்கம். இலையை அரைத்து எடுத்த சாற்றில், ஒளிச்சேர்க்கைக்கான இலைப்புரதமான ரூபிஸ்கோ நிறைந்திருக்கும். சில இலைகளில் கரையும் புரதத்தில் ஏறத்தாழ பாதி அதுவே. அதன் சிறு துணையலகு 15 கிலோடால்டனை ஒட்டியே ஓடுவதால், அதைச் சிஎஸ்ஜிஏ என்று எண்ணி மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இலையை அரைக்காமல் கழுவி எடுங்கள். சிஎஸ்ஜிஏ மரபணு நீக்கிய பாக்டீரியா தெளித்த இலையையும் உடன் வையுங்கள். எதிர்ப்புரதத்தைக் கொண்டு உறுதி செய்யுங்கள்.

காங்கோ சிவப்பை மட்டும் நம்புவது

கர்லி இழைகளைச் சிவப்பாக்கிக் காட்டும் இந்தச் சாயத்தில் செல்லுலோஸும் சிவக்கும்.

லாப்ஏ புரதத்தைச் சாதாரண ஜெல்லில் தேடுவது

சூடோமோனாஸ் ஃப்ளோரசென்ஸ் என்ற பாக்டீரியாவின் இந்த ஒட்டுப்புரதம் ஏறத்தாழ 520 கிலோடால்டன். 12 சதவீத ஜெல்லில் அது நகராது.

பழக்கப்பட்ட இனத்தையும் வெப்பநிலையையும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வது

பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் 168 ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் வளர்க்கப்பட்டு, உறுதியான உயிர்ப்படலம் அமைக்கும் திறனை இழந்த இனம். அதன் உயிர்ப்படலத்திலுள்ள டாஸ்ஏ புரத இழைகளையும், படலத்தின் மேற்பரப்பில் நீர் ஒட்டாமல் காக்கும் பிஎஸ்எல்ஏ புரதத்தையும் ஆராய விரும்பினால் 3610 இனத்தை எடுங்கள். அதேபோல, எஷ்சரிக்கியா கோலையின் பல இனங்கள் 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் கர்லியை நன்கு உருவாக்குகின்றன. 37 டிகிரியில் வளர்த்துவிட்டுக் கர்லியைத் தேடுவது வீண் வேலை.

தட்டில் கண்டதை இலைக்கும் பொருத்துவது

96 குழித் தட்டில் கிரிஸ்டல் வயலட் சாயமேற்றும் சோதனை வசதியானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாயம் செல்லையும் அதைச் சூழ்ந்த பொருள்களையும் சேர்த்தே பற்றுவதால், புரதம் எவ்வளவு என்பதை அது சொல்லாது. மேலும், தட்டின் குழியில் எப்போதும் நீர் நிற்கிறது. இலையிலோ மெழுகுப் பூச்சு நீரை விலக்குகிறது, ஈரம் வந்து வந்து போகிறது, உணவு அரிதாகவே கிடைக்கிறது, பாக்டீரியாக்கள் தூவிகளின் அடியிலும் நரம்பை ஒட்டிய பள்ளங்களிலும்தான் திரளாகக் குவிகின்றன. தட்டில் ஒட்ட முடியாத பிறழ்வினம் இந்தப் பள்ளங்களில் தங்கிப் பிழைத்துக்கொள்ளலாம். ஆகவே அதே இனத்தை இலையில் தெளித்து, மென்மையாகக் கழுவினால் வருவதையும், அதன்பின் மீயொலிக் குளியலில் இட்டால் பெயர்ந்து வருவதையும் தனித்தனியே எண்ணிவிட்டு, அதன் பிறகு ஒட்டுதலைப் பற்றி எழுதுங்கள்.