பிரான்ஸ் கிராமப்புறத்தில் சைக்கிள்: கார் வராத சாலையைப் பிடிப்பது எப்படி

பிரான்ஸில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், ஆல்ப்ஸ் போ, ப்ரோவான்ஸ் போ என்றுதான் ஆளாளுக்குச் சொல்வார்கள். ஜூலை, ஆகஸ்டில் அங்கே போனால் கேரவன்களுக்குப் பின்னால் புகை குடித்துக்கொண்டே ஏற வேண்டியிருக்கும். அமைதிதான் வேண்டுமென்றால் நாட்டின் நடுப்பகுதிக்கு, லிமூசான் பக்கம் போங்கள். அங்கே க்ரூஸ் மாவட்டம் முழுக்கச் சேர்த்தாலே ஒன்றேகால் லட்சம் பேர் தேற மாட்டார்கள். ஆனால் சாலைகள் மட்டும் வலை வலையாக, தார் போட்டு, ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் போகும்.

எந்தச் சாலை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மிஷெலின் காகித வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் சிவப்புக் கோடு பெரிய சாலை, அந்தப் பக்கமே போகாதீர்கள். மஞ்சள் பரவாயில்லை. வெள்ளைதான் நமக்கு. ஓரத்தில் பச்சைக் கோடும் இருந்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று பொருள். ‘டி’ எழுத்தும் எண்ணும் போட்ட மாவட்டச் சாலை என்றாலே சின்னச் சாலை என்று நினைத்துவிட வேண்டாம். 2006 வாக்கில் பழைய தேசியச் சாலைகள் நிறைய மாவட்டங்களிடம் கைமாறின, அவற்றுக்கும் இப்போது ‘டி’ எண்தான், லாரிகள் பறக்கும். இன்னொன்று, மாவட்ட எல்லை தாண்டியதும் அதே சாலையின் எண் மாறிவிடலாம். அதனால் எண்ணைப் பிடித்துக்கொண்டு போகாமல், அடுத்தடுத்த ஊர்ப் பெயர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்வது நல்லது. மொபைல் செயலி போடும் வழியை அப்படியே நம்பாதீர்கள், சில சமயம் அது காட்டுக்குள் மரம் இழுக்கும் மண் தடத்தில் கொண்டுபோய் விடும். சிக்னலும் பல இடங்களில் கிடைக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

சாலை விதிகளில் ஒன்று நம்மவர்களைத் தடுமாற வைக்கும். வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். ஆனால் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை. நீங்கள் பெரிய தெருவில் போனாலும், அவர் சின்னச் சந்திலிருந்து டிராக்டரில் வந்தாலும், நிற்க வேண்டியது நீங்கள். மஞ்சள் நிறச் சாய்சதுரப் பலகை கண்ணில் பட்டால் உங்கள் சாலைக்கு முன்னுரிமை. அதே பலகையில் குறுக்குக் கோடு விழுந்திருந்தால் அது முடிந்தது. கார்கள் ஊருக்குள் 1 மீட்டரும் வெளியே 1.5 மீட்டரும் விலகித்தான் உங்களைத் தாண்ட வேண்டும், கிராமத்தில் பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே விலகுவார்கள். காதில் ஹெட்போன் மாட்டினால் அபராதம் 135 யூரோ. மாலை மங்கியபின் ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேலங்கி கட்டாயம். லைட், பெல் எல்லாம் சொல்லவே வேண்டாம்.

சரி, சாப்பாடு. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பன்னிரண்டு அடித்தால் கடை மூடிவிடும், இரண்டு மணிக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காது. திங்கட்கிழமை பேக்கரியே பல ஊர்களில் விடுமுறை, மூன்று ஊர் தாண்டியும் ஒரு ரொட்டி கிடைக்காமல் போகலாம். அதனால் காலையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் ‘போன்ஷூர்’ சொல்லுங்கள், அப்புறம் கேளுங்கள். அதைச் சொல்லாமல் நேராக ரொட்டி கேட்டால் முகம் மாறிவிடும். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். நிஜமாகத்தான் சொல்கிறேன்: பூச்செடிக்கு ஊற்ற அங்கே குழாய் வைத்திருப்பார்கள், இந்த ஊர் சைக்கிள்காரர்களும் அங்கேதான் நிரப்புவார்கள். ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

வண்டியைப் பொறுத்தவரை 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் போதும். கியர்தான் முக்கியம். லிமூசானில் பெரிய மலை கிடையாது, சமதரையும் கிடையாது; இறங்கி ஏறி, இறங்கி ஏறி, சாயங்காலம் கால் கெஞ்சும். முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 32 பல் இருந்தால் தப்பிக்கலாம். கோடையில் ‘கிராவியோன்’ பலகை தென்பட்டால், புதிதாகப் போட்ட ஜல்லி தாரில் ஒட்டாமல் கிடக்கிறது என்று பொருள், வளைவில் பிரேக்கைத் தொடாதீர்கள்.

முதல் நாளுக்கு ஒரு வழி: லிமூசானின் பெரிய நகரமான லிமோஜிலிருந்து உள்ளூர் ரயிலில் சைக்கிளோடு எமூத்தியே ஊருக்குப் போங்கள். டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் எட்டு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தும், முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்ஸியை ஒரு நாள்கூட போடாத வீரர் பூலிதோர் வாழ்ந்த சான்-லெயோனார் வழியாகத்தான் அந்த ரயில் போகும். எமூத்தியேவில் இறங்கி பெய்ரா-ல-ஷாத்தோ, அங்கிருந்து வாசிவியேர் ஏரி. 1985 டூரில் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் தனியாளாகத் தன் முதல் ஸ்டேஜை (ஒரு நாள் ஓட்டத்தை) ஜெயித்தது இங்கேதான். பிறகு பீடபூமிமேல் ஏறி ஜான்சியூ. அங்கே போர் நினைவுச் சின்னத்தில் ஒரு அநாதைப் பையன் போரைச் சபிக்கும் வரியை நோக்கி முஷ்டியை உயர்த்தி நிற்கிறான், இறங்கிப் பாருங்கள். திரும்பும் வழி பெரும்பாலும் இறக்கம், ஆனால் மரம் ஏற்றிய லாரிகள் வரும், ஓரமாகவே இருங்கள். ரயில்கள் ஒரு நாளைக்குச் சிலதான். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முதலில் பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள்.